கைமாத்தாக வந்த சிரிப்பு

சோகமான நாவலைச் சிபாரிசு செய்வது சுலபம். "மனச உலுக்கிருச்சு" என்று சொன்னால் போதும். வாங்கிப் படித்தவருக்கு எதுவுமே உலுங்காவிட்டாலும் சபை நாகரிகத்துக்காகத் தலையாட்டிவிடுவார். நகைச்சுவை நாவலுக்கு அந்தச் சலுகை கிடையாது. "விழுந்து விழுந்து சிரிச்சேன் மாப்ள" என்று கொடுத்த புத்தகத்தை நண்பன் மூன்றாம் நாள் உதடு அசையாமல் திருப்பித் தந்தால், புத்தகத்தோடு நாமும் சேர்ந்து தோற்கிறோம். நம் ரசனை, வளர்ந்த வீடு, பேசிப் பழகிய தெரு எல்லாம் அந்த ஒரு நொடியில் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

அதனால்தான் சிரிக்கவைக்கிற நாவலை முன்பின் தெரியாதவர்களுக்கு நாம் கொடுப்பதில்லை. பழகியவர்களுக்குத்தான் கொடுக்கிறோம். மதுரைப் பக்கம் கைமாத்து கொடுப்பது மாதிரி. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஆளைத் தெரிந்தால் போதும். தமிழ் நகைச்சுவை நாவலின் வரலாற்றையே இந்தக் கைமாத்தின் வரலாறாகச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விமர்சகர்களும் பாடத்திட்டங்களும் காப்பாற்றியதைவிட, "இதப் படிச்சியா?" என்று கேட்ட நண்பர்கள் காப்பாற்றியதே அதிகம்.

1

தமிழ் நாவல் பிறந்தபோது சிரித்துக்கொண்டுதான் பிறந்தது. 1879-ல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். கோர்ட்டில் பொய்யும் புரட்டும் கேட்டுப் பழகிய மனிதர். நாவலின் மையக்கதையை ஓரம் தள்ளிவிட்டுக் கிளைக்கதைகளாகச் சொல்லிக்கொண்டே போவார். அவற்றில் பாதி, திண்ணையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிற வகை.

அடுத்த பெரிய சிரிப்பு எங்கள் மண்ணிலிருந்து வந்தது. வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்த பி.ஆர். ராஜமய்யர், 1893-ல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுதான். வத்தலக்குண்டு அன்றைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. கதை நடக்கும் சிறுகுளமும் மதுரைப் பக்கத்துக் கிராமம்தான். அந்த ஊரில் பெண்கள் கூடி ஊர்க்கதை பேசுகிற கூட்டத்துக்கு ராஜமய்யர் வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ் வாத்தியாரும் வருவார். எந்த நேரத்தில் எதைப் பேசக்கூடாதோ அந்த நேரத்தில் அதைப் பண்டிதத் தமிழில் பேசுகிற மனிதர். இன்றைக்கும் அவர் சில கல்லூரிகளில் வேலையில் இருப்பதாகவே நம்புகிறேன்.

ஆனால் அதே நாவல் பாதி வழி தாண்டியதும் வேதாந்தப் பக்கம் திரும்பிவிடும். ராஜமய்யரும் அப்படியே திரும்பினார். 'பிரபுத்த பாரதா' இதழின் ஆசிரியராகி, 1898-ல் இருபத்தாறு வயதில் காலமானார். தமிழ் நாவலில் சிரிப்புக்கும் 'கனமான விஷய'த்துக்கும் இடையில் ஒரு கோடு விழுந்தது என்றால், முதல் கோடு இந்த ஒரே புத்தகத்துக்குள்ளேயே விழுந்திருக்கிறது. முதல் பாதியை எடுத்துச் சொல்பவர்கள் ஒரு கூட்டம், இரண்டாம் பாதியைப் போற்றுபவர்கள் இன்னொரு கூட்டம்.

2

அந்தக் கோட்டைச் சுவராக்கியது வாரப் பத்திரிகை. 1928-ல் எஸ்.எஸ். வாசன் 'ஆனந்த விகட'னை வாங்கினார். சிரிப்பு அதோடு வாரந்தோறும் வீடு தேடி வரத் தொடங்கியது. கல்கி அங்கிருந்து விலகி 1941-ல் சொந்தப் பத்திரிகை தொடங்கிய பிறகு, விகடனின் நகைச்சுவைத் தொடர்களைத் தோளில் தூக்கியவர் தேவன் என்கிற ஆர். மகாதேவன். 'மிஸ்டர் வேதாந்தம்', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'ராஜத்தின் மனோரதம்' என நாவல்கள். இவற்றோடு, துப்புத் துலக்கத் தெரியாமலேயே எல்லாத் துப்பையும் துலக்கிவிடும் சாம்புவின் கதைகள். 1957-ல், நாற்பத்து நான்கு வயதுகூட நிரம்பாமல், அவர் இறந்துபோனார்.

1963-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. விகடனில் சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' கோபுலுவின் படங்களோடு வந்தது. ஒரு தென்னிந்தியக் கல்யாணத்தை அப்படியே அமெரிக்கத் தலைநகருக்குத் தூக்கிப் போகிற கூத்து. குமுதத்தில் ஜ.ரா. சுந்தரேசன், அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து 'பாக்கியம் ராமசாமி' ஆகி, அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் இறக்கிவிட்டார். ஜெயராஜ் வரைந்த அந்தக் கிழவரின் முகம் இல்லாமல் அப்புசாமியை நினைக்கவே முடியாது.

இந்தத் தொடர்கள் வாசகர் வீட்டில் எப்படிப் புத்தகமாயின என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ முதுகு போட்டு வைத்துக்கொள்வார்கள். நண்பர் ஒருவரின் தாத்தா வீட்டில் அப்படி ஒரு பைண்டு வால்யூமைப் பார்த்திருக்கிறேன். கதையின் பின்பக்கத்தில் தலைவலி மருந்து விளம்பரம், இன்னொரு கதையின் வால், முடியாத ஜோக் ஒன்று. நடுவில் இரண்டு வாரம் இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, விட்டுப்போன கதையை நாலு வரியில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். அடுத்து வாங்கிப் படிப்பவர் தவிக்கக் கூடாது என்று யாரோ பட்ட அக்கறை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது: படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.

ஒரு பைண்டு வால்யூம் எத்தனை வீடு போயிருக்கும் என்பது எந்த விற்பனைக் கணக்கிலும் வராது. ஆனால் தேவனும் சாவியும் உயிரோடு இருந்தது அந்தக் கணக்கில் வராத வீடுகளில்தான்.

எதிர்ப்பக்கத்தில் சிறுபத்திரிகை இருந்தது. க.நா.சுப்ரமண்யம் தன் சிபாரிசுக் கட்டுரைகளைத் தொகுத்தபோது வைத்த தலைப்பே 'படித்திருக்கிறீர்களா?' நண்பன் கேட்கிற கேள்விதான், கொஞ்சம் மரியாதையோடு. தமிழில் சிபாரிசு செய்வதையே ஒரு இலக்கியப் பணியாக்கிய மனிதர் அவர். ஆனால் அவரும் அவருடைய கூட்டமும் சண்டை போட்டது வாரப் பத்திரிகை எழுத்தோடு. நகைச்சுவை நாவல் பிறந்து வளர்ந்த வீடோ வாரப் பத்திரிகை. ஆக, சுவரின் எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதே அதன் தலையெழுத்தாகிவிட்டது. புதுமைப்பித்தன் மாதிரி ஒரு அசல் நக்கல்காரர் சிறுபத்திரிகைப் பக்கம் இருந்தும், 'சிறந்த நாவல்கள்' என்று போடப்படும் பட்டியல்களில் சிரிப்புக்காகவே ஏறும் நாவல் அபூர்வம்தான்.

3

சுவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் தாண்டிப்போனால் இந்த வரலாறு பாதிதான்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். தல்லாகுளம் பக்கம் ஒரு டீக்கடை எங்கள் வம்பர் மகாசபை. அதில் உசிலம்பட்டிப் பக்கத்து நண்பன் ஒருவன் 'மிஸ்டர் வேதாந்த'த்தை வாங்கிப்போய் ஒரே வாரத்தில் திருப்பித் தந்தான். "நல்லாத்தான்டா எழுதிருக்காரு. ஆனா இதுல வர்ற யாரும் எங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல, நாங்களும் அவங்க வீட்டுக்குள்ள போனதில்ல. எங்க சிரிக்கணும்னே தெரியல." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

அவன் சொன்னது ஒரு சரித்திர உண்மை. எஸ்.வி.வி., தேவன், சாவி என்று நாம் அடுக்குகிற நகைச்சுவையின் பெரும்பகுதி பிராமண நடுத்தரக் குடும்பத்தின் கூடத்திலும் ரேழியிலும் நடப்பது. ஜானவாசம் என்றால் என்னவென்று தெரிந்தவர் சிரிக்கிற இடத்தில், தெரியாதவர் அடிக்குறிப்பு தேடுவார். அடிக்குறிப்பு போட்டுச் சிரிக்கவைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. பைண்டு வால்யூம் எத்தனையோ வீடு போனது உண்மை. எந்தெந்தத் தெரு வீடுகளுக்குள் அது போனது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருஷம் அதே நண்பனின் அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். கொத்தனார் ஒரு நாள் வருவார், மூன்று நாள் வரமாட்டார். கம்பி வந்தால் சிமென்ட் வராது. அப்போது எங்களில் இன்னொருவன் அவனிடம் 'ராஜத்தின் மனோரத'த்தைக் கொடுத்தான். சென்னையில் சொந்த வீடு கட்டக் கிளம்பும் குடும்பம் படுகிற பாடுதான் அந்த நாவல். நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன். "டேய், எங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டிருக்கேன். மனுசன் சிரிச்சு நாலு மாசமாச்சு."

அதே தேவன்தான், அதே தெருப் பேச்சுதான். ஆனால் வீடு கட்டுகிறவன் எந்தச் சாதியானாலும் கொத்தனாரிடம் மாட்டிக்கொள்வான். நூறு சிறந்த நாவல்கள் என்று பட்டியல் போடுகிறவருக்கு உங்கள் அப்பா வீடு கட்டுவது தெரியாது. நண்பனுக்குத் தெரியும்.

4

மதுரை தன்னுடைய மிகப்பெரிய சிரிப்பைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப காலம் எடுத்துக்கொண்டது.

ப. சிங்காரம் 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளம்வயதில் இந்தோனேசியாவுக்குப் பிழைக்கப் போய், யுத்தம் முடிந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி அறை. முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959-ல் வெளிவந்தது. இரண்டாவது நாவலான 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்தும் பல வருஷம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972-ல்தான் அச்சானது. அதன்பின் அவர் நாவல் எழுதவே இல்லை.

'புயலிலே ஒரு தோணி'யைப் போர் நாவல் என்பார்கள், புலம்பெயர்ந்தோர் நாவல் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அது தமிழின் மிகப் பெரிய கிண்டல் நாவல்களில் ஒன்று என்பதை எனக்கு எந்தக் கட்டுரையும் முதலில் சொல்லவில்லை. டீக்கடையில் ஒரு நண்பன் சொன்னான்: "மொதல்லருந்து படிக்காத. பினாங்குல பசங்க உக்காந்து குடிச்சுக்கிட்டே பேசுற எடத்தப் படி. சிரிப்பு வரலைன்னா புத்தகத்தக் குடுத்துரு." பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள் அந்தக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் தமிழ்ப் பேரவை. சங்க இலக்கியம், சிலம்பு, முன்னோர் பெருமை, பண்டிதர்களின் நடை என ஒன்று பாக்கியில்லாமல் அங்கே வாங்கிக் கட்டிக்கொள்ளும். தமிழைக் கரைத்துக் குடித்தவனால் மட்டுமே அப்படிக் கிண்டலடிக்க முடியும். அம்மையப்ப பிள்ளையின் பேரப்பிள்ளைகள் கப்பலேறிப் போய்த் தாத்தாவைப் பழித்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

நாவல் பதிப்பாளருக்காகக் காத்துக்கிடந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1967-ல் ஆட்சி மாற்றம், 1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு. தமிழ்ப் பெருமை என்பது அன்றைக்கு உரிமைக்கான ஆயுதம். அதைப் பார்த்துச் சிரிக்க அது நேரமில்லை என்று பலரும் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையிலேயே நடந்தது. ஊரெல்லாம் அலங்கார வளைவுகள். அதே ஊரில், அந்தப் பெருமையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்த நாவலாசிரியர் விடுதி அறையிலிருந்து பத்திரிகை ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

அவரை மேலே கொண்டுவந்ததும் சிபாரிசுதான். மதுரைக்காரரான சி. மோகன், 1980-களில், தமிழின் ஆகச் சிறந்த நாவல்களில் இதுவும் ஒன்று என்று எழுதினார். எழுதியதோடு விடவில்லை, போகிற இடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் தேடிப் படித்து அடுத்தவருக்குச் சொன்னார்கள். 1997 டிசம்பரில் சிங்காரம் இறந்தார். அவர் மறைவுக்குப் பிறகு தமிழினி இரண்டு நாவல்களையும் வெளியிட, புதிய தலைமுறை ஒன்று படிக்கத் தொடங்கியது.

5

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணனின் 'சுவாமியும் நண்பர்களும்' கைப்பிரதி லண்டன் பதிப்பகங்களிலிருந்து திரும்பித் திரும்பி வந்தது. வெறுத்துப்போனவர், ஆக்ஸ்போர்டில் இருந்த தன் நண்பருக்கு, கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நண்பர் பூர்ணா அதை நதியில் போடாமல் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் பதிப்பாளரிடம் பேச, 1935-ல் புத்தகம் வந்தது. கிரீனும் நாராயணனும் நேரில் சந்தித்தது 1956-ல். இருபது வருஷ நட்புக்கு முதல் கைமாத்து ஒரு சிரிப்பு நாவல். அமெரிக்காவில் ஜான் கென்னடி டூல் தன் நகைச்சுவை நாவல் அச்சேறாமலேயே 1969-ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய அம்மா கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு எழுத்தாளர் வாக்கர் பெர்சியிடம் போய் விடாப்பிடியாக நின்றார். 1980-ல் நாவல் வந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது.

எல்லா நாவலுக்கும் ஒரு பூர்ணா கிடைப்பதில்லை. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்துகொண்டு, முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் எழுதி, வாசகர்களைச் சிரிக்கவைத்த எஸ்.வி.வி.யை இன்றைக்கு என் வயதில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? கைமாறுவது நின்றதும் அவர் பெயர் மங்கிவிட்டது. பழைய சோகத்தை ஆராய்ச்சி செய்து மீட்டுவிடலாம். பழைய சிரிப்பை அப்படி மீட்க முடியாது. இந்த இடத்தில் சிரிக்கலாம் என்று காட்டித்தர, ஏற்கெனவே அங்கே சிரித்த ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

இப்போது எங்கள் கூட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பது சிவகங்கைக்காரரான இரா. முருகனின் 'நெம்பர் 40, ரெட்டைத் தெரு'. அடுத்த வரிசையில் அவருடைய 'அரசூர் வம்சம்'. கரிசல்காட்டுக் குசும்புக்காகக் கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தை ஒருவன் விடாமல் பரிந்துரைக்கிறான். இந்த வரிசை உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்கள் நண்பரின் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்குத்தானே தெரியும். அதற்கேற்ற ஒரு புத்தகத்தை எடுத்து, நீங்கள் சிரித்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிக் கொடுங்கள். சிரிக்காமல் திருப்பித் தந்தாலும் வருத்தப்பட வேண்டாம். அவர் எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். அடுத்த கைமாத்துக்கு உதவும்.