லேசான மனச்சோர்வும் படிவம் கேட்காத கேள்வியும்

மனச்சோர்வை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை கிடையாது. கேள்விகளும் அவற்றுக்குக் கிடைக்கும் விடைகளுமே கருவி. ஆகவே யார் கேட்கிறார், எவ்வாறு கேட்கிறார் என்பதும் நோயறிதலின் பகுதியாகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பதினோராம் பதிப்பில், பத்து அறிகுறிகளைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஐந்தேனும் ஏறக்குறைய நாள்தோறும் இரண்டு வாரங்களுக்கு நீடிக்க வேண்டும். தாழ்ந்த மனநிலை, நாட்டமின்மை ஆகியவற்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். எந்த அறிகுறியும் தீவிரமாக இன்றி, அன்றாடப் பணிகளில் ஓரளவு சிரமம் மட்டும் இருப்பின் அது லேசானது. இந்தச் சொல்லே ஏமாற்றிவிடுகிறது. மாணவர் வகுப்புக்கு வருகிறார், தேர்வு எழுதுகிறார். எனவே எவர் கண்ணிலும் படுவதில்லை.

முதற்கட்டமாகப் பரவலாகப் பயன்படுவது பி.எச்.கியூ-9 படிவம். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5 முதல் 9 வரை எனில் லேசானது. இது சல்லடை மட்டுமே. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, போதைப்பழக்கம், அண்மைய இழப்பு ஆகியவற்றை ஆராய்ந்து நேரில் உரையாடிய பின்னரே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. கூட்டுத்தொகை எவ்வளவு குறைவாயினும் அவ்விடையைக் கடந்து செல்லலாகாது.

ஆறாவது கேள்வியில் நாம் நின்று பார்க்க வேண்டும். தான் தோற்றவர், குடும்பத்துக்கு ஏமாற்றம் அளித்தவர் என்ற உணர்வு உண்டா என்கிறது அது. கல்லூரியில் கால்வைத்த முதல் நாளே நுழைவுத்தேர்வுத் தரவரிசை கேட்கப்பட்டு, 'கோட்டா' என்று முத்திரை குத்தப்பட்ட முதல் தலைமுறை தலித் மாணவர் இதற்கு என்ன மதிப்பெண் இடுவார்? அவ்வுணர்வை விதைத்தவர் யார் என்று படிவம் கேட்பதில்லை. ஆலோசகர்தான் கேட்க வேண்டும். கேளாமல் 'தாழ்வு மனப்பான்மை' என்று எழுதி முடிப்பது சாதியின் வேலையை மருத்துவக் குறிப்பில் தொடர்வதாகும். காரணம் நியாயமானது, ஆகவே நோயில்லை என்று திருப்பி அனுப்புவதும் அதே அளவு தவறு. ஒடுக்குமுறையால் வந்த மனச்சோர்வும் மனச்சோர்வே.

லேசான நிலைக்கு உளவியல் சிகிச்சையே முதல் வழி. மாத்திரைகள் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதிப் பாகுபாடின்றிச் சிகிச்சை பெறுவதை 18ஆம் பிரிவில் உரிமையாக்கியுள்ளது. சமூகத் தகுதியை வைத்து ஒருவருக்கு மனநோய் உண்டென முடிவு செய்வதை 3ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டணமின்றிப் பேச டெலி-மானஸ் எண் 14416. சிகிச்சை பெறுவதால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் அளிக்கும் உரிமை எவ்வகையிலும் குறைவதில்லை.