காட்கோபர் குன்றுகளும் மித்தி வடிநிலமும்: மண் அரிப்பு அபாய மதிப்பீடு கடந்து வந்த வழி

மும்பையில் விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் தொடங்கி, சாக்கிநாக்கா, குர்லா வழியே ஓடித் தாராவியின் ஓரமாக மாஹிம் கழிமுகத்தை அடையும் மித்தி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமே கொண்ட சிற்றாறு. அதன் வடிநிலத்துக்கு, அதாவது பெய்யும் மழை அந்த ஆற்றையே நோக்கி வழிந்து சேரும் நிலப்பரப்புக்கு, காட்கோபர் மேற்கிலுள்ள குன்றுகள் ஒரு கரையாக நிற்கின்றன. அவற்றின் கிழக்குப் புறத்தில் விழும் மழை தாணே கழிமுகத்துக்குச் சென்றுவிடுகிறது.

இவ்வடிநிலத்தில் மண் காப்பு என்பது முதலில் குடிநீர் சார்ந்த அக்கறையாகவே இருந்தது. 1860-இல் மித்தியின் தலைப்பகுதியை மறித்து விஹார் ஏரி அமைக்கப்பட்டபின், வண்டல் சேர்ந்து ஏரி தூர்ந்துவிடாதிருக்க அதைச் சுற்றிய காடு இன்றியமையாததாயிற்று. காடு காத்த மேல்வடிநிலத்துக்குக் கீழே, 20-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளும் குடிசைப் பகுதிகளும் பெருகிய இடைப்பகுதிக்கோ அத்தகைய கவனம் வாய்க்கவில்லை.

அரிப்பை எண்ணால் அளக்கும் முறை விளைநிலங்களிலிருந்து வந்தது. அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்டு 1978-இல் திருத்திய பொது மண் இழப்புச் சமன்பாடு, மழையின் அரிக்கும் ஆற்றல், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், தாவரப் போர்வை, பாதுகாப்பு முறைகள் ஆகியவற்றைப் பெருக்கி, ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு எத்தனை டன் மண் இழக்கப்படும் எனக் கணிக்கிறது. 22.1 மீட்டர் நீளமும் 9 விழுக்காடு சாய்வும் உடைய சோதனைப் பாத்தியே அதன் அடிப்படை அலகு. இந்தியாவில் 1954-இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டது போன்ற மண் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்கள் இத்தகைய அளவீடுகளுக்கு வழிவகுத்தன. துருவ நாராயணாவும் ராம் பாபுவும் 1983-இல் நாட்டின் சராசரி மண் இழப்பை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 16.35 டன் என மதிப்பிட்டனர். பிற்கால ஆய்வுகள் பல இவ்வெண்ணையே எடுத்தாண்டன.

2000 ஜூலை 12 அன்று காட்கோபர் ஆசாத் நகரில் கனமழையின்போது குன்றின் ஒரு பகுதி சரிந்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது நிகழ்ந்தது, இச்சமன்பாடு அளக்கும் வகை அரிப்பன்று. மேற்பரப்பில் தாள்போலப் படர்ந்தோடும் நீரும் சிறு ஓடைகளும் அள்ளிச் செல்லும் மண்ணை மட்டுமே அது கணக்கிடுகிறது. சரிவு முழுவதுமாகப் பெயர்வது அதன் எல்லைக்கு வெளியே உள்ளது. மும்பைக் குன்றுகள் பசால்ட் எனும் எரிமலைப் பாறையால் ஆனவை. அப்பாறை சிதைந்து முரம்பாகிய பகுதியில், குடிசைக்கு இடம் வேண்டி அடிவாரம் செங்குத்தாக வெட்டப்படும்போது மேலுள்ள மண் தன் தாங்கலை இழக்கிறது. மழைநீர் விரிசல்களில் இறங்கித் தேங்க, மண்ணின் எடை கூடுவதோடு அதன் உட்பிடிப்பும் தளர்கிறது. நீர் வடியத் துளை விடாத தடுப்புச் சுவர் பின்புறம் நீரைத் தேக்கி, காக்க வேண்டிய வீட்டுக்கே கூடுதல் அபாயமாகிவிடும். ஆகவே இங்கே தாவரப் போர்வையைவிட வெட்டுமுகத்தின் உயரமும் வடிகாலின் நிலையுமே முதன்மையான அளவைகளாக இருத்தல் வேண்டும்.

சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26-க்குப் பின், மாதவராவ் சித்தலே தலைமையிலான உண்மையறியும் குழு வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்தது. மித்திக்கெனத் தனி ஆணையமும் அமைந்தது. ஆயினும் சாக்கிநாக்காவில் குன்று சரிந்து பலர் இறந்ததும் அதே நாளில்தான் என்பது வெள்ளத்தின் பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014-இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வரைபடத் திட்டம், குன்றுச் சரிவுகள் கணக்கில் வராத இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பினாலும், 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டரைக் குறிப்பதால், ஆசாத் நகர் போன்ற குடியிருப்பின் வெட்டுமுகங்களை அதில் தனித்துக் காண இயலாது. கீழ்வடிநிலத்திலோ, பருவமழைக்கு முன் மித்தியிலும் நாலாக்கள் எனப்படும் வடிகால் ஓடைகளிலும் தூர்வாரப்படும் வண்டல் டன் கணக்கில் எடைபோடப்பட்டாலும், கழிவும் நெகிழியும் ஓதம் கொணரும் சேறும் அதில் கலந்திருப்பதால், குன்றுகள் இழந்த மண்ணின் அளவாக அவ்வெடையைக் கொள்ள முடியாது.