மாணவரின் பெயரை யார் விற்பது?

1852ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி. அமெரிக்காவின் நியூ ஹேம்ஷியர் மாநிலத்தில் உள்ள வின்னிபசாக்கி என்ற ஏரியில் ஹார்வர்ட், யேல் கல்லூரி மாணவர்கள் படகுப் போட்டியில் மோதினார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரியோடு பொருதிய முதல் விளையாட்டுப் போட்டி இதுதான். ஹார்வர்ட் வென்றது. ஆனால், இந்தப் போட்டியை நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் கல்லூரி ஆசிரியர் அல்லர். அந்த வட்டாரத்தில் ஓடிய ரயில் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர். போட்டியைக் காணக் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பயணச்சீட்டு விற்கும், ஏரிக்கரைக்குச் சுற்றுலாப் பயணிகளும் பழகிவிடுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. மாணவர்களின் செலவை ரயில் நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

கல்லூரி விளையாட்டு பிறந்த அன்றே விளம்பரமும் கூடவே பிறந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

கல்லூரியில் படித்துக்கொண்டே விளையாடும் இளையர்கள் விளம்பரங்களில் தோன்றிச் சம்பாதிக்கலாமா என்ற கேள்வி அமெரிக்காவில் ஏறக்குறைய நூறாண்டு காலம் எழுப்பப்பட்டு வந்தது. கூடாது என்றவர்கள், பணம் நுழைந்தால் விளையாட்டின் தூய்மை கெட்டுவிடும் என்றார்கள். கேட்பதற்கு நல்ல வாதம்தான். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு படம் தெரிகிறது. பணம் எப்போதும் உள்ளேதான் இருந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர் விளையாடிய மாணவர் ஒருவர் மட்டுமே.

'அமெச்சூர்' என்ற கொள்கை இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. ஊதியம் வாங்காமல், ஆர்வத்திற்காக மட்டும் விளையாடுபவர் என்பது அதன் பொருள். சொல் அழகாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு வகுப்புப் பிரிவினை ஒளிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் படகுச் சங்கங்கள் வகுத்த விதிகளின்படி, கையால் உழைத்துப் பிழைக்கும் கைவினைஞரும் கூலித் தொழிலாளியும் அமெச்சூராக முடியாது. 1920இல் அமெரிக்கப் படகு வீரர் ஜான் கெல்லி, லண்டனுக்கு அருகிலுள்ள ஹென்லி போட்டியில் கலந்துகொள்ள விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டார். அவர் சார்ந்த மன்றத்தின்மேல் இருந்த பழைய தடை ஒரு காரணம். அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை செய்தவர் என்பது இன்னொரு காரணம். அதே ஆண்டு ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றார். பின்னாளில் ஹாலிவுட் நடிகையாகி, மொனாக்கோ நாட்டு இளவரசியுமான கிரேஸ் கெல்லியின் தந்தை இவர்தான்.

கொத்தனாருக்கு நேர்ந்தது இது. பழங்குடி மாணவர் ஒருவருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஜிம் தோர்ப், பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் பழங்குடியினர் பள்ளியின் மாணவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து அம்சப் போட்டியிலும் பத்து அம்சப் போட்டியிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டே இரண்டு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. 1909, 1910 கோடை விடுமுறைகளில் சிற்றூர் பேஸ்பால் குழுக்களில் சிறு தொகைக்கு விளையாடினார் என்பதே குற்றம். அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் பலர் விடுமுறையில் அப்படி விளையாடியது ஊரறிந்த ரகசியம். மற்றவர்கள் பொய்ப் பெயரில் விளையாடினார்கள். தோர்ப் தம் சொந்தப் பெயரிலேயே விளையாடினார், அதனால் அகப்பட்டுக்கொண்டார். 1953இல் அவர் காலமானார். அனைத்துலக ஒலிம்பிக் குழு 1982இல் அவரை இணை வெற்றியாளர் என்று ஏற்றது. அவர் ஒருவரே வெற்றியாளர் என்று அறிவித்ததோ 2022இல்தான்.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்க 1906இல் ஒரு சங்கம் தோன்றியது. 1910இல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக என்சிஏஏ, என்று பெயர் மாற்றிக்கொண்டது. அமெரிக்கக் காற்பந்தில் மாணவர்கள் அடிபட்டு இறந்துகொண்டிருந்ததைத் தடுக்கவே சங்கம் அமைக்கப்பட்டது. நாளடைவில் அது மாணவர் கையில் காசு சேராமல் பார்த்துக்கொள்ளும் காவலராகவும் மாறியது.

இந்தக் காவலுக்கு உருவம் கொடுத்தவர் வால்டர் பையர்ஸ். 1951இல் சங்கத்தின் நிர்வாக இயக்குநரானவர், 1980களின் பிற்பகுதி வரை அந்த நாற்காலியில் இருந்தார். 1950களில் கல்லூரிகளைப் பயமுறுத்திய விஷயம் தொழிலாளர் இழப்பீடு. கொலராடோ மாநிலத்தில் ஒரு மாணவர் 1955இல் காற்பந்துத் திடலில் தலையில் அடிபட்டு இறந்தார். கணவர் கல்லூரிக்காக உழைத்தபோது இறந்தார், ஆகவே இழப்பீடு வேண்டும் என்று மனைவி வழக்காடினார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. விளையாடுபவர் ஊழியர் என்று ஆகிவிடக்கூடாது என்பதற்காகவே 'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்லைச் சங்கம் புழக்கத்தில் விட்டது. அதைப் பையர்ஸ் பின்னாளில் தாமே எழுதியிருக்கிறார். ஒரே சொல், பல பத்தாண்டுகளுக்கு நீதிமன்றங்களில் கேடயமாக நின்றது.

இதற்கிடையே வருமானம் வேறு பக்கம் பாய்ந்தது. 1970களின் பிற்பகுதியில் நைக்கி நிறுவனம் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்றுநர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளத் தொடங்கியது. காலணியை அணிந்து ஓடுபவர்கள் மாணவர்கள், காசோலை போவது பயிற்றுநருக்கு. 1984இல் உச்ச நீதிமன்றம், காற்பந்து ஒளிபரப்பு உரிமை சங்கத்தின் கையில் மட்டும் இருக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் தொலைக்காட்சி நிலையங்களோடு தனித்தனியே பேரம் பேசின. 2010இல் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் 14 ஆண்டு ஒளிபரப்பு உரிமையைச் சங்கம் 10.8 பில்லியன் டாலருக்கு விற்றது. அதே 2010இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் காற்பந்து வீரர்கள் ஐவருக்கு ஆளுக்கு ஐந்து ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. தங்களுக்குக் கிடைத்த மோதிரம், சட்டை முதலியவற்றை விற்றார்கள், பச்சை குத்தும் கடையில் சலுகை பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பில்லியன் ஒரு பக்கம், பச்சை குத்திய கூலி இன்னொரு பக்கம்!

காவலரே மனம் மாறியதுதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். 1995இல் பையர்ஸ் எழுதி வெளியிட்ட நூலில், தாம் கட்டிய அமைப்பு மாணவர்களைச் சுரண்டுகிறது என்று வாதாடினார். பயிற்றுநர்களுக்குத் திறந்திருக்கும் சந்தை மாணவர்களுக்கும் திறக்கவேண்டும் என்றார். பதவியில் இருந்தபோது சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

விதி எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஜெரமி புளூம் ஓர் எடுத்துக்காட்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் காற்பந்து வீரரான அவர் பனிச்சறுக்கிலும் வல்லவர், 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். பனிச்சறுக்குப் பயிற்சிக்கு ஆகும் செலவை விளம்பர வருமானத்தால்தான் சமாளிக்க முடியும். விதிப்படி, ஒரு மாணவர் வேறொரு விளையாட்டில் தொழில்முறை வீரராகச் சம்பளமே வாங்கலாம், கல்லூரியில் காற்பந்தும் ஆடலாம். விளம்பரத்தில் மட்டும் தோன்றக்கூடாது. புளூம் வழக்குத் தொடுத்துத் தோற்றார். 2004இல் கல்லூரிக் காற்பந்து அவருக்கு மூடப்பட்டது.

சிங்கப்பூரர்களுக்கு இந்த விதி ஜோசப் ஸ்கூலிங் மூலம் பழக்கமானது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியில் 50.39 விநாடிகளில் நீந்தி, மைக்கல் ஃபெல்ப்ஸைப் பின்னுக்குத் தள்ளி, நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றபோது அவர் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர். தங்கத்திற்கு ஒரு மில்லியன் வெள்ளி வெகுமதி. ஒலிம்பிக் பரிசுத் தொகையைப் பெற அமெரிக்க மாணவர்களுக்கு 2001லும் வெளிநாட்டு மாணவர்களுக்கு 2015லும் சங்கம் விலக்கு அளித்திருந்ததால் அதை அவர் பெற முடிந்தது. ஆனால் ஒரு பானத்தின் டப்பாவில் முகத்தைப் போட்டுப் பத்து வெள்ளி வாங்கியிருந்தாலும் கல்லூரி அணியில் நீந்தும் தகுதி பறிபோயிருக்கும். நாடே அவர் பெயரைச் சொன்ன நாட்களில் அந்தப் பெயரை அவர் பயன்படுத்த முடியவில்லை. 2018இல் கல்லூரி நீச்சலை முடித்துத் தொழில்முறைக்கு மாறிய பிறகே விளம்பரக் கதவு திறந்தது. நீச்சல் வீரரின் உச்ச காலம் நீண்டதல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கதவை உடைத்தவர் எட் ஓபேனன். 1995இல் கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ அணி தேசியக் கூடைப்பந்து விருதை வென்றபோது அதன் நட்சத்திரமாக விளங்கியவர். பின்னர் லாஸ் வேகஸில் கார் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஒருநாள் நண்பர் வீட்டுப் பிள்ளை விளையாடிய கணினி விளையாட்டில் தம்மையே கண்டார். அதே 31ஆம் எண், அதே இடக்கை ஆட்டம், அதே தோற்றம். பெயர் மட்டும் இல்லை, பணமும் இல்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன், சங்கத்தின் தடை போட்டிச் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அதன் ஒரு பகுதி குறைக்கப்பட்டாலும், அசைக்கவே முடியாது என்று நினைத்த சுவரில் விரிசல் விழுந்தது.

2019 செப்டம்பர் 30ஆம் தேதி கலிபோர்னியா ஆளுநர் கெவின் நியூசம், மாணவர்கள் தங்கள் பெயர், படம், தோற்றம் ஆகியவற்றிலிருந்து சம்பாதிப்பதைக் கல்லூரிகள் தடுக்கக்கூடாது என்ற சட்டத்தில் கையொப்பமிட்டார். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2021 ஜூன் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதே தவிர விளம்பரத்தைப் பற்றியதல்ல. ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சங்கத்திற்குப் புரிந்துவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், கல்லூரி விளையாட்டின் கதையை 1852 படகுப் போட்டியையும் ரயில் நிறுவனத்தையும் சொல்லியே தொடங்கினார். 2021 ஜூலை 1 முதல் தடை விலக்கப்பட்டது. முதல் நாளே ஃப்ரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீராங்கனைகளான கேவிண்டர் இரட்டையர், கைத்தொலைபேசி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒளிர்ந்தார்கள்.

முதல் நாள் வெளிச்சம் பெண்கள்மேல் விழுந்தது தற்செயலன்று. கல்லூரிக்குப் பிறகு தொழில்முறை வாய்ப்பு மிகக் குறைவாக உள்ள வீராங்கனைகளுக்கு அந்த நான்கு ஆண்டுகள்தான் பெயர் விலைபோகும் காலம். தூய்மை பேசிய பழைய விதி இவர்களைத்தான் அதிகம் தண்டித்தது.

எதிர்த்தவர்களின் அச்சம் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. பல பல்கலைக்கழகங்களின் செல்வந்த ஆதரவாளர்கள் நிதிக் குழுக்களை அமைத்தார்கள். பெயருக்கு விளம்பர ஒப்பந்தம், உண்மையில் நல்ல ஆட்டக்காரரை அணிக்கு இழுக்கும் கூலி. அதிகம் தரும் பல்கலைக்கழகத்திற்குத் தாவும் போக்கு வளர்ந்தது. இது விளம்பர உரிமையின் குற்றமா, அல்லது சம்பளத்தை நேரடியாகக் கொடுக்கத் தடை இருந்ததால் விளம்பரத்திற்கு மாட்டிய முகமூடியா? பின்னதுதான் உண்மைக்கு நெருக்கம். கடைக்காரர் தம் கடைக்கு ஒரு மாணவியின் முகம் பொருத்தமென்று பணம் கொடுப்பது வேறு, அணிக்கு ஆள் பிடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் நூறாண்டு வாதமும் தடுமாறியது.

2025 ஜூன் 6ஆம் தேதி அதே நீதிபதி வில்கன் ஒரு சமரசத்திற்கு ஒப்புதல் அளித்தார். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் தாங்களே மாணவர்களுக்குப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்திற்கு 20.5 மில்லியன் டாலர். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்கள் உண்மையான விளம்பரம்தானா என்று சரிபார்க்கப்படும். 2016 முதல் விளையாடியவர்களுக்குப் பழைய பாக்கியாக 2.8 பில்லியன் டாலர். பாக்கியில் பெரும்பங்கு ஆண்களின் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது என்று வீராங்கனைகள் எண்மர் உடனே மேல்முறையீடு செய்தார்கள். 1995இல் ஆடிய ஓபேனனும் 2004இல் வெளியேற்றப்பட்ட புளூமும் இந்தப் பாக்கிக் கணக்கில் வரமாட்டார்கள். வழக்குகளால் நின்றுபோயிருந்த கல்லூரிக் காற்பந்துக் கணினி விளையாட்டு 2024இல் மீண்டும் வெளிவந்தபோது, அதில் இடம்பெற ஒப்புக்கொண்ட மாணவர்களுக்கு ஆளுக்கு 600 டாலர் தரப்பட்டது.

இந்தச் சுதந்திரம் வெளிநாட்டு மாணவர்களுக்கு அப்படியே கிடைத்துவிடவில்லை. தடுப்பது இப்போது விளையாட்டுச் சங்கம் அல்ல, குடிநுழைவு விதி. மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் வளாகத்திற்கு வெளியே வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. விளம்பரப் படப்பிடிப்பும் வேலையாகக் கருதப்படலாம். 2022இல் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி பஹாமாஸ் தீவுகளுக்குப் போனபோது, காங்கோ நாட்டிலிருந்து வந்து படித்த அதன் நட்சத்திர வீரர் தம் விளம்பர வேலைகளை அந்தப் பயணத்திலேயே முடித்துக்கொண்டார். அமெரிக்க எல்லைக்கு வெளியே என்பதால் விசா சிக்கல் எழவில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகும் நீச்சல் வீரர்களுக்கும் திடல்தட வீரர்களுக்கும் இதே நிலைதான். பக்கத்துத் தடத்தில் நீந்தும் அமெரிக்கத் தோழி நீச்சலுடை நிறுவனத்தோடு கையொப்பமிடலாம். அதே வேகத்தில் நீந்தும் வெளிநாட்டு மாணவி, பேனாவை எடுக்குமுன் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்தின் கதவைத் தட்டவேண்டும். தவறினால் பறிபோவது பதக்கமல்ல, விசா.