நீர் தின்ற படங்களும் கணினியில் செய்யும் நிறச்சிதைவும்

சுனாமியில் பாண்டிருப்பு வீட்டை இழந்த பெரியம்மா, சொறிக்கல்முனைக்கு எங்களிடம் வந்தபோது கையில் ஒரு அல்பம் இருந்தது. அதிலுள்ள கல்யாணப் படத்தின் ஓரங்கள் வெறும் வெள்ளை. உள்ளே போகப்போக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. பெரியப்பாவின் முகம் மட்டும் தப்பியிருந்தது.

கணினியில் அரூப ஓவியம் செய்பவர்கள் தேடித்தேடி வரவழைக்கும் நிறங்கள் இவை. கலர்ப் படத்தாளில் சாயங்கள் மூன்று ஜெலற்றின் படைகளில் இருக்கின்றன: மேலே நீலப்பச்சை, நடுவே மெஜந்தா, அடியில் மஞ்சள். ஈரத்தில் நுண்ணுயிர்கள் ஜெலற்றினைத் தின்னத் தொடங்கும். மேற்படை போனால் சிவப்பு மிஞ்சும், அடுத்ததும் போனால் மஞ்சள், பிறகு வெறும் தாள்.

இதையே கிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். முதலில் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மூலக்கோப்பைத் தனியே வைத்துவிடுங்கள். பிரதியில் மட்டும் கை வையுங்கள். புதிய லேயரில் 'சொலிட் நொய்ஸ்' போட்டால் சாம்பல் முகில்கள் வரும். 'லெவல்ஸ்' பெட்டியில் கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்துங்கள், பெரும்பகுதி கறுப்பாகும். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என ஒரு கிரேடியன்ட் அமைத்து 'கிரேடியன்ட் மப்' கொடுங்கள். கடைசியாக லேயர் மோடை 'ஸ்கிரீன்' ஆக்கினால், கறுப்பு இருந்த இடமெல்லாம் படம் தெரியும், மற்ற இடங்கள் நீர் தின்றதுபோல எரியும். முகத்தில் விழுந்தால் லேயர் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால் மறைக்கலாம்.

2011 சுனாமிக்குப் பின் ஜப்பானின் யமமோட்டோவில் தொண்டர்கள் சுமார் ஏழரை இலட்சம் படங்களைக் கழுவி, பிரதியெடுத்து, உரியவர்களிடம் சேர்க்க முயன்றார்கள். ஆளே தெரியாமல் சிதைந்தவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். நமது அம்பாறைக் கரையில் 2004இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதற்கு முன்பே இடப்பெயர்வுகளில் எத்தனை அல்பங்கள் போயினவோ.

அழிந்த முகத்தை மென்பொருளால் ஊகித்து நிரப்பித் தருவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; அது வேறொருவரின் முகம். பெரியம்மாவிடம் இரண்டு பிரதிகளைக் காட்டினேன்: ஒன்று கறை நீக்கியது, மற்றது நிறங்களை இன்னும் பரப்பியது. இரண்டையும் தள்ளிவிட்டு, "ஸ்கேன் பண்ணினதை அப்பிடியே பெரிசா அடிச்சுத் தா மகன்" என்றார். அடித்துக் கொடுத்தேன்.