தொலைநிலைக் கல்வியில் கணினி முதுநிலைப் பட்டம்

அன்றாட வகுப்புக்குச் செல்லாமல், பாடநூல், ஒப்படைப்பு, விடுமுறை நாள் தொடர்பு வகுப்பு ஆகியவற்றின் வழியே பயின்று பெறும் எம்.சி.ஏ., கணினியியல் எம்.எஸ்சி. பட்டங்கள் தொலைநிலைப் பட்டங்களில் அடங்கும். கோம்பை உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இம்முறை புதிதன்று; அவ்வூர்களை உள்ளடக்கிய தேனி மாவட்டம் உருவாவதற்கு நெடுநாள் முன்பே, 1971இல், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியிருந்தது.

வரலாற்றையோ இலக்கியத்தையோ அஞ்சலில் வரும் நூலைக் கொண்டே படித்துவிடலாம் என்றாலும், கணினியியலில் நிரலை (கணினிக்கான கட்டளைத் தொகுப்பை) எழுதி, இயக்கி, பிழை திருத்திப் பழகுவது இன்றியமையாதது என்பதால், 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் எம்.சி.ஏ. மாணவர்க்கு ஆய்வக வருகையைக் கட்டாயமாக்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் திணறுவதும் பெரும்பாலும் இந்த ஆய்வக நாள்களில்தான். அப்பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட், அதாவது மதிப்பலகு, 30 மணி நேர உழைப்பைக் குறிப்பதால், நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். மூன்றாண்டாக இருந்த அதன் எம்.சி.ஏ. படிப்பு பின்னர் ஈராண்டாகக் குறைக்கப்பட்டது.

தொலைநிலைப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. எனினும் அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் அளித்த படிப்புகளுக்கே அத்தகுதி உண்டு.