ஒரே வரியில் ஒரு அரக்கன்

பழைய தமிழ்க் கணக்கேடுகளில் ‘௸’ என்று ஒரு குறி வரும், ‘மேற்படி’ன்னு அர்த்தம். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. கண்டரமாணிக்கம் மாதிரி லேவாதேவி ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1974-ல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டிலும் இதே சிக்கனம்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாகவே ஆடுவது; எதிரில் வரும் அரக்கர்கள் எல்லாம் நடத்துநர் ஒருவர் பொறுப்பு. அதன் இரண்டாம் கையேட்டில் ‘ஆர்க்’ என்ற அரக்கனுக்கு அட்டவணையில் ஒரே வரி: கவசம் 6, நடை 9, உயிர்ப்பகடை 1... இவ்வளவு எப்படிப் போதும்? சூட்சுமம் அந்தப் பகடை எண்ணில். எத்தனை அடி தாங்கும், அவன் அடித்தால் படுமா என்பதை அதை வைத்தே கண்டுபிடிச்சுடலாம். (நம்ம டேட்டாபேஸ் கீ மாதிரி.)

1977 ‘மான்ஸ்டர் மேனுவல்’ ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு தந்தது. 1989 தொகுப்பில் பக்கம் பக்கமாக வாழிடம், பழக்கவழக்கம் வரைக்கும். படிக்க சுகம்தான். ஆனா நாலு பேர் காத்திருக்கும்போது சண்டை நடுவில் பக்கம் புரட்டினால் ஆட்டம் படுத்துடும். நடத்துநருக்குத் துண்டு அட்டைதான் கைகொடுக்கும்: கவசம், உயிர், ஒரு தாக்குதல், எப்போது ஓடுவான். கடைசியைப் பலரும் விட்டுடறாங்க, எனக்கு அதுதான் முக்கியம். 1981 பேசிக் பதிப்பில் அதற்கென்றே ஓர் எண்: ஆர்க்குக்கு 8. இரண்டு பகடை உருட்டி அதற்கு மேல் விழுந்தால் ஓட்டம் அல்லது சரண். தலைவன் செத்துட்டா, 6.