சாம்பலில் தொடங்கி மக்னீசியம் வரை: திருவனந்தபுரம் மரச்சீனி நிலங்களின் சத்துக் கணக்கு

திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஆண்டது ஐந்தே ஆண்டுகள் (1880–1885). அதற்குள் அவர் முனைந்து பரப்பிய ஒரு பயிர், அறுபது ஆண்டுகள் கழித்து வந்த அரிசிப் பஞ்சத்தில் அந்த நாட்டுக்குச் சோறானது. தமிழகத்தின் பிற பகுதிகளில் அதற்கு மரவள்ளி என்று பெயர். திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி. நெல்லுக்கு ஆகாத மேட்டு விளைகளில்கூடக் கம்பை ஊன்றினால் கிழங்கு வைத்தது. உரம் எதுவும் கேட்காத பயிர் என்ற பெயரும் அப்படித்தான் வந்தது. அது பாதி உண்மை. மறுபாதியைக் கண்டறிய ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. அந்த நூறாண்டில் மண்ணுக்கு இட்ட ஒவ்வொரு சத்தும், அடுத்துத் தட்டுப்படப்போவது எது என்பதையும் சேர்த்தே தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மண். திருவனந்தபுரத்தின் மேட்டு நிலம் பெரும்பாலும் செம்புரை மண். ஆண்டுக்குச் சுமார் 1800 மில்லிமீட்டர் மழை, அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவத்திலும். கரையக்கூடியவை எல்லாம் நெடுங்காலமாகக் கரைந்துபோய், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் கயோலினைட் களிமண்ணுமே எஞ்சியிருக்கின்றன. வேருக்கும் மண்துகளுக்கும் நடப்பது பண்டமாற்று: வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து, துகளின் மேல் ஒட்டியிருக்கும் பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் அயனிகளை வாங்கிக்கொள்கிறது. கயோலினைட்டில் இவற்றைப் பிடித்துவைக்கும் எதிர்மின் இடங்கள் மிகக் குறைவு. கரிசல் மண்ணோடு ஒப்பிட்டால் சொற்பம். இட்ட சத்தில் பெரும்பகுதி அடுத்த மழையோடு கீழே இறங்கிவிடும். மணிச்சத்து மட்டும் இதற்கு விலக்கு. இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்வதால் அது மண்ணிலேயே கிடக்கும், ஆனால் வேருக்கு எளிதில் எட்டாது.

ரசாயன உரம் வருமுன் இந்த மண்ணுக்குக் கிடைத்தவை சாணம், பச்சிலை, அடுப்புச் சாம்பல். இவற்றுள் சாம்பலைத்தான் ஆய்வாளர்கள் போதிய அளவு மதிக்கவில்லை என்பேன். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு, கால்சியம் உண்டு, கொஞ்சம் மக்னீசியமும் உண்டு. மண்ணின் புளிப்பையும் அது தணிக்கும். இலையில் உருவாகும் மாவுப்பொருள் கிழங்குக்கு இறங்கப் பொட்டாசியம் வேண்டும். கிழங்கைத் தோண்டி விற்கும்போது அந்தச் சத்தும் வயலை விட்டுப் போகிறது. தழைச்சத்து மிகுந்தால் கிழங்கில் கசப்புக்குக் காரணமான சயனைடுச் சேர்மங்கள் கூடும் என்பதும், சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், அவற்றைக் குறைக்கும் என்பதும் பின்னாளில் ஆய்வுகளில் தெரியவந்தன. ஜெர்மனியில் வேளாண் வேதியியலாளர் ஷ்பிரெங்கலும் அவருக்குப் பின் 1840-இல் லீபிக்கும் எடுத்துரைத்த விதி, மிகக் குறைவாக உள்ள சத்தே விளைச்சலின் எல்லை என்பது. இம்மண்ணில் அந்த எல்லையைக் கொஞ்சமேனும் தள்ளிவைத்தது சாம்பல்தான்.

திருப்பம் போரில் வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. மக்கள் மரச்சீனியைத் தின்று காலம் தள்ளினார்கள். உணவு விளைச்சலைப் பெருக்க உரத் தொழிற்சாலை வேண்டும் என்று திவான் சி. பி. ராமசாமி ஐயர் முனைந்தார்; தொழிலதிபர்களான சேஷசாயி சகோதரர்கள் முன்வந்தனர். 1943-இல் ஃபாக்ட் என்ற உர நிறுவனம் பதிவானது. ஆலுவாவை அடுத்த ஏலூரில் 1947-இல் உற்பத்தி தொடங்கியது. அருகில் நிலக்கரி இல்லாததால் விறகை எரிவாயுவாக்கி அம்மோனியா தயாரித்தார்கள். ஆண்டுக்கு 50,000 டன் அம்மோனியம் சல்ஃபேட் என்பது திட்டம். இந்தியாவின் முதல் பெரிய உர ஆலை என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் அம்மோனியம் சல்ஃபேட் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலத்தை விடுவிக்கும். ஏற்கெனவே புளித்திருந்த மண்ணுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்ற கேள்வி, பசியின் அவசரத்தில் பின்னுக்குப் போனது.

அதே ஆலையிலிருந்து பின்னர் வந்த ஃபாக்டம்பாஸ் கேரள உழவர்களின் கைக்குப் பழகிய உரமானது. விழுக்காட்டில், தழைச்சத்து 20, மணிச்சத்து 20, சாம்பல் சத்து சுழியம், கந்தகம் 13. அந்தச் சுழியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தைப் பார்க்க வேண்டும்.

1963-இல் திருவனந்தபுரம் நகரை ஒட்டிய ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அது 1971-இல் எச்-97, எச்-165, எச்-226 ஆகிய கலப்பின ரகங்களை வெளியிட்டது. கூடுதலாக விளைந்த ரகங்கள் கூடுதலாகவே மண்ணிலிருந்து எடுத்தன. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுஉரமும், தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 100, 50, 100 கிலோவும் என்ற பரிந்துரை நிலைபெற்றது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மரவள்ளியையே நட்டு, உரத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் நீண்டகாலச் சோதனை 1977-இல் அங்கே தொடங்கியது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனையின் வழியில் வந்தது என்று இதைச் சொல்லலாம். இத்தகைய சோதனைகளின் அருமை அவற்றின் அலுப்பிலேயே இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அவை எதையும் சொல்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டு செய்திகள் துலங்கின. சாம்பல் சத்து இல்லாத பாத்திகளில் விளைச்சல் சரிந்தது. மணிச்சத்தோ ஆண்டுக்காண்டு மண்ணில் சேர்ந்துகொண்டே போனது. மரவள்ளி வேரோடு ஒட்டி வாழும் வேர்ப்பூஞ்சை எட்டாத பாஸ்பேட்டையும் தேடிக் கொணர்வதால் அப்பயிருக்கு அதிக மணிச்சத்து தேவைப்படவில்லை. சாம்பல் சுழியமாக உள்ள ஓர் உரத்தை மட்டும் நம்பிய நிலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சாம்பல் சத்தைத் தாராளமாக இட்டால் கதை முடியுமா? பொட்டாசியம் மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். இரண்டும் ஒரே வாசலில் போட்டியிடுபவை. கேரள மாநிலத் திட்டக்குழுவின் முன்முயற்சியில் மாநிலம் முழுக்க மண் மாதிரிகளைச் சோதித்து 2013-இல் வெளியான மண்வள மதிப்பீடு இதைப் பரந்த அளவில் காட்டியது: பெரும்பாலான மண் அமிலத்தன்மை கொண்டது, மணிச்சத்து பல இடங்களில் தேவைக்கு மேல், மக்னீசியமும் போரானும் பரவலாகப் பற்றாக்குறை. அமில மண்ணில் போரான் மின்னேற்றமற்ற போரிக் அமிலமாக இருப்பதால் துகள்கள் அதைப் பிடிக்காமல் மழையிடம் விட்டுவிடுகின்றன. போரான் பயிருக்கு இன்றியமையாதது என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வாரிங்டன் 1923-இலேயே நிறுவியிருந்தார்.

சத்துக் குறையையே எல்லாவற்றுக்கும் விளக்கமாக்கும் ஆபத்தும் உண்டு. 1882 வெள்ளத்துக்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்ட தென்னை வேர்வாடல் நோய்க்கும் பலகாலம் மண்சத்துக் குறையில் காரணம் தேடினார்கள். பிறகு, 1980-களில், மின்னணு நுண்ணோக்கி ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியைக் காட்டியது.

ஸ்ரீகாரியத்தில் பிறந்த எச்-226 இன்று சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு முக்கிய மூலப்பொருள். இரும்பு குவிந்து கிடக்கும் திருவனந்தபுரச் செம்புரை மண்ணில் மக்னீசியம் கேட்ட மரவள்ளி, சேலத்தின் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இரும்பு கிடைக்காமல் இளம் இலை வெளுக்கிறது. அங்கே உழவர்கள் இரும்பு சல்ஃபேட்டைக் கரைத்து இலையில் தெளிக்கிறார்கள்.